வீட்டில் பிட்காயின் முழு நோடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிட்காயின் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் அதை ஒரு செயலியின் திரையில் மட்டுமே பார்த்திருக்கிறார்கள். அந்தத் திரை காட்டும் எண் மெய்தானா என்று வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னால் உடனே கேள்விகள் கிளம்பும். சில ஆண்டுகளாக நோடு ஓட்டிவருகிறேன். திரும்பத் திரும்ப என்னிடம் வரும் கேள்விகளும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களும்தான் இவை. பேச்சு பெரும்பாலும் பிட்காயினைப் பற்றியே இருக்கும். எத்தீரியம், மொனேரோ என்ற வேறு இரண்டு கிரிப்டோ நாணயங்களைப் பற்றிப் பின்னால் கொஞ்சம் வரும்.

முழு நோடு என்றால் என்ன?

உங்கள் கணினியில் ஓடும் ஒரு மென்பொருள், அவ்வளவுதான். பிட்காயின் பரிவர்த்தனைகள் பிளாக் என்ற தொகுப்புகளாகச் சங்கிலிபோல அடுத்தடுத்துப் பதிவாகின்றன; அந்தச் சங்கிலிதான் பிளாக்செயின். 2009 ஜனவரி 3 தேதியிட்ட முதல் பிளாக்கில் தொடங்கி, சற்று முன் வந்த பிளாக் வரை எல்லாவற்றையும் இறக்கி, ஒவ்வொன்றையும் விதிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும். செலவு செய்தவரிடம் அந்தக் காசு இருந்ததா? ஒரே காசு இரண்டு முறை செலவாகியிருக்கிறதா? கையொப்பம் பொருந்துகிறதா? புதிய பிளாக்கை உருவாக்கும் மைனர் தனக்கு உரியதற்கு மேல் ஒரு சடோஷியாவது (பிட்காயினின் மிகச் சிறிய அலகு) எடுத்துக்கொண்டாரா? ஒன்று பிசகினாலும் அந்த பிளாக்கைத் தள்ளிவிடும். அனுப்பியவர் எவ்வளவு பெரிய ஆள் என்று பார்க்காது.

அப்படித் தேறிய பரிவர்த்தனைகளையும் பிளாக்குகளையும் தன்னோடு இணைந்திருக்கும் மற்ற நோடுகளுக்குக் கடத்தும். இது இரண்டாவது வேலை.

போனில் வாலட் இருக்கிறதே, அது போதாதா?

காசைப் பார்க்கவும் அனுப்பவும் பயன்படும் செயலியான போன் வாலட் பிளாக்செயினை இறக்குவதில்லை. எங்கோ இருக்கும் ஒரு சர்வரிடம் "இந்த முகவரிகளில் எவ்வளவு இருக்கிறது?" என்று கேட்டு, வந்த பதிலை உங்களுக்குக் காட்டுகிறது. காசைச் செலவழிக்கத் தேவையான ரகசியச் சாவி உங்களிடமே இருப்பதால் அந்த சர்வரால் காசைத் திருட முடியாது. ஆனால் உங்கள் முகவரிகள் அத்தனையும் ஒரே ஆளுடையவை என்று அதற்குத் தெரிந்துவிடும். எந்த ஐபி முகவரியிலிருந்து கேட்டீர்கள் என்பதும் தெரியும். முன்பின் அறியாத ஒருவரிடம் பாஸ்புக்கைக் கொடுத்து, இருப்பைப் படித்துச் சொல்லச் சொல்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இன்னொரு சிக்கல், அந்தப் பதில் சரியா என்பது. அதற்கு ஒரு பழைய சம்பவத்தைச் சொல்வேன். 2015 ஜூலை 4. கையொப்பங்களை எழுதும் முறையை இறுக்கிய பிஐபி 66 என்ற விதி அப்போதுதான் நடைமுறைக்கு வந்திருந்தது. அந்த விதிக்குப் பொருந்தாத பிளாக் ஒன்றை ஒரு மைனர் வெளியிட்டார். அதோடு நின்றிருந்தால் பெரிய விஷயமில்லை. வேறு சில பெரிய மைனிங் குழுக்கள், சில விநாடிகளை மிச்சம் பிடிப்பதற்காக, வந்த பிளாக்கைச் சரிபார்க்காமலே அதன்மேல் அடுத்ததைக் கட்டிக்கொண்டிருந்தன. செல்லாத சங்கிலி 6 பிளாக் நீளத்துக்கு வளர்ந்தது. வழக்கமாக 6 உறுதிப்பாடு, அதாவது பரிவர்த்தனை ஏறிய பிளாக்கையும் சேர்த்து 6 பிளாக், வந்தால் பணம் வந்ததாகவே எல்லோரும் நினைப்பார்கள். போன் வாலட்போல பிளாக்செயினை இறக்காத லேசான வாலட் வைத்திருப்பவர்கள் வழக்கத்துக்கு மேல் இன்னும் 30 உறுதிப்பாடுகள் காத்திருக்க வேண்டும் என்று அப்போது எச்சரிக்கை வெளியானது. புதுப்பித்த முழு நோடு வைத்திருந்தவர்களுக்கோ எதுவும் நடக்கவில்லை. அவர்களுடைய மென்பொருள் அந்த 6 பிளாக்குகளையும் உள்ளேயே விடவில்லை.

நோடு ஓட்டினால் வருமானம் உண்டா?

கிடையாது. புதிய காசும் பரிவர்த்தனைக் கட்டணமும் மைனர்களுக்கே போகின்றன. நோடு ஓட்டினாலே மாதாமாதம் பணம் வரும் என்று யாராவது விற்க வந்தால் விலகி நடங்கள். பிட்காயினைச் சட்டென்று அனுப்ப அதன்மேல் கட்டிய லைட்னிங் என்ற நெட்வொர்க்கில் நோடு நடத்தி, மற்றவர்களின் கொடுப்பனவுகளைக் கடத்தி, சிறு கட்டணம் பெறுவது வேறு வேலை. அதற்குக் காசைப் பூட்டிவைக்க வேண்டும், தினமும் கவனிக்க வேண்டும். வீட்டில் ஓட்டுபவர்களுக்கு அதில் மிஞ்சுவது பெரும்பாலும் அனுபவம்தான்.

வருமானமும் இல்லை என்றால், பிறகு எதற்கு?

உங்களுக்கு வரும் காசை நீங்களே சரிபார்த்து வாங்குவதற்கு. முதல் காரணமும் முக்கியக் காரணமும் இதுதான். "நெட்வொர்க்குக்கு உதவி செய்கிறேன்" என்ற எண்ணத்தோடு பலர் வருகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் நோடு ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, போன் வாலட் இன்னும் பழைய சர்வரையே கேட்டுக்கொண்டிருந்தால் உங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் வந்துவிடவில்லை. வாலட்டை உங்கள் நோடோடு இணைத்த நாளிலிருந்துதான் கணக்கு மாறுகிறது.

அப்படி இணைத்தவர்கள் பலர் சேரும்போது வேறொன்றும் நடக்கிறது. 2017 மே மாதம் பெரிய நிறுவனங்களும் மைனிங் சக்தியில் பெரும்பகுதியைக் கையில் வைத்திருந்தவர்களும் கூடி, கையொப்பங்களைத் தனியே பிரித்து வைக்கும் செக்விட் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்த பிறகு பிளாக்கின் அடிப்படை அளவை இரட்டிப்பாக்குவது என்று முடிவெடுத்தார்கள். செக்விட்2எக்ஸ் என்று அதற்குப் பெயர். செக்விட் ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அளவை இரட்டிப்பாக்கும் பாதியை நோடு ஓட்டிய பயனர்களில் பலர் ஏற்க மறுத்தார்கள். போதிய ஒருமித்த கருத்து இல்லை என்று சொல்லி, நவம்பர் 8 அன்று அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். ஒரு பிளாக்கை யார் வேண்டுமானாலும் செய்யலாம். அதில் உள்ள காசை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டுமே! வாங்குபவரின் நோடு எந்த விதியைப் பார்க்கிறதோ அந்த விதிதான் செல்லும்.

எப்படிப்பட்ட கணினி வேண்டும்?

புதிதாக வாங்கத் தேவையில்லை. 64 பிட் செயலி, 4 ஜிகாபைட் ரேம் இருந்தால் ஓடும். 8 இருந்தால் நிம்மதி. ராஸ்பெர்ரி பை 4, பை 5 போன்ற கையளவு கணினிகளிலும் ஏராளமானோர் ஓட்டுகிறார்கள். என் விருப்பம் பழைய மடிக்கணினி. அதன் பேட்டரியே ஒரு யூபிஎஸ். திரையும் விசைப்பலகையும் கூடவே இருப்பதால் ஏதாவது கோளாறு வந்தால் உட்கார்ந்து பார்ப்பது சுலபம்.

காசைச் செலவழிக்க வேண்டிய இடம் டிஸ்க். முழு பிளாக்செயின் 600 ஜிகாபைட்டைத் தாண்டிப் போய்விட்டது. ஆண்டுதோறும் இன்னும் பல பத்து ஜிகாபைட் சேர்கிறது. அதனால் 1 டெராபைட் என்பது இன்றைக்குக் குறைந்தபட்சம். 2 டெராபைட் வாங்கினால் பல வருடங்களுக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

அது எஸ்எஸ்டியாகவும் இருக்க வேண்டும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்று விளக்கிவிடுகிறேன். பிளாக்குகள் வரிசையாக எழுதப்படுபவை; சுழலும் ஹார்டு டிஸ்க் அதைத் தாராளமாகச் சமாளிக்கும். ஆனால் நோடு இன்னொரு தரவுத்தளத்தையும் வைத்துக்கொள்கிறது: இன்னும் செலவாகாமல் இருக்கும் காசுகளின் பட்டியல். யூடிஎக்ஸ்ஓ என்பார்கள். 10 ஜிகாபைட்டுக்கும் அதிகமான அந்தப் பட்டியலில், ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் எங்கெங்கோ தாவித் தாவித் தேட வேண்டும், அழிக்க வேண்டும், புதியதைச் சேர்க்க வேண்டும். சுழலும் டிஸ்கின் முள் இந்தத் தாவலில்தான் திணறிவிடும். நான் முதல் முறை பழைய ஹார்டு டிஸ்கில்தான் தொடங்கினேன். ஆரம்ப வருடங்களின் பிளாக்குகள் சரசரவென்று ஓடின. 2015ஐத் தாண்டியதும் ஊர ஆரம்பித்தது. மூன்றாவது வாரம் பொறுமை போய் எஸ்எஸ்டிக்கு மாற்றினேன். மீதி இரண்டே நாளில் முடிந்தது.

கையில் பெரிய ஹார்டு டிஸ்கும் சிறிய எஸ்எஸ்டியும் மட்டும் இருக்கிறதா? பிளாக் கோப்புகளை ஹார்டு டிஸ்கிலும் அந்தப் பட்டியலை எஸ்எஸ்டியிலும் பிரித்து வைக்கலாம். பிளாக்குகள் எந்த அடைவில் இருக்க வேண்டும் என்று சொல்வதற்கென்றே அமைப்பு இருக்கிறது. எஸ்டி கார்டில் மட்டும் இந்தத் தரவை வைக்காதீர்கள். ஓயாத எழுத்தில் அது தேய்ந்துவிடும். யூஎஸ்பி வழியாக எஸ்எஸ்டி இணைப்பவர்கள் மலிவான கேபிள், மலிவான பெட்டி இரண்டையும் சந்தேகப்படுங்கள். நடுவில் ஒரு நொடி இணைப்பு அறுந்தாலும் தரவுத்தளம் கெட்டுப்போகலாம்.

அவ்வளவு இடம் இல்லை. வழியே இல்லையா?

இருக்கிறது. கத்தரிப்பு முறை என்று சொல்லலாம். மென்பொருளில் புரூனிங் என்று இருக்கும். எல்லா பிளாக்குகளையும் இறக்கும், எல்லாவற்றையும் சரிபார்க்கும், பிறகு பழையவற்றை அழித்துவிடும். பிளாக்குகளுக்காக 550 மெகாபைட் மட்டும் ஒதுக்கினால்கூடப் போதும். செலவாகாத காசுகளின் பட்டியல் முழுதாக இருக்கும் என்பதால் மொத்தத்தில் 20 ஜிகாபைட் அளவுக்குள் அடங்கிவிடும்.

கத்தரித்த நோடும் முழு நோடுதான். சரிபார்ப்பில் எந்தக் குறையும் இல்லை. புதிதாக வரும் நோடுகளுக்குப் பழைய பிளாக்குகளைக் கொடுக்க அதனால் முடியாது. அழித்துவிட்ட காலத்தில் நடந்த பரிவர்த்தனைகளுள்ள பழைய வாலட்டைக் கொண்டுவந்து சேர்த்தாலும் தேட முடியாமல் மறுபடி முழுவதையும் இறக்க நேரும். வாலட்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் எலக்ட்ரம் சர்வரையும் (பின்னால் வரும்) வைக்கும் எண்ணம் இருந்தால் கத்தரிக்காதீர்கள்.

முதல் ஒத்திசைவுக்கு எத்தனை நாள் ஆகும்?

நல்ல எஸ்எஸ்டி, வேகமான இணையம், ஓரளவு புதிய செயலி இருந்தால் ஒரு நாளுக்குள் முடியும். சிறிய கணினியில் சில நாட்கள். சுழலும் டிஸ்கில் வாரங்கள்.

அந்த நேரத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் காத்திருப்பது அவ்வளவு கடினமில்லை. முதலில் பிளாக்குகளின் தலைப்புகள் மட்டும் வரும். ஒவ்வொன்றும் 80 பைட். 9 லட்சத்தைத் தாண்டிவிட்ட பிளாக்குகளுக்கும் சேர்த்து 72 மெகாபைட் சொச்சம்தான். அதை வைத்து, அதிக மைனிங் உழைப்பு செலவான சங்கிலி எது என்று கண்டுகொள்ளும். பிறகு பிளாக்குகள். ஆரம்ப காலத்து பிளாக்குகளில் பரிவர்த்தனைகளே சொற்பம் என்பதால் முதல் சில வருடங்கள் நிமிடங்களில் பறக்கும். அதைப் பார்த்து மீதி நேரத்தைக் கணிக்காதீர்கள். நூறு கோடிக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகளில் பெரும்பகுதி பின்பாதியில்தான் இருக்கிறது.

வேகப்படுத்த ஒரே நல்ல வழி, டிபிகேஷ் என்ற அமைப்பைக் கூட்டுவது. ரேமில் பாதி வரை கொடுத்துப் பாருங்கள். பட்டியலின் பெரும்பகுதி ரேமிலேயே இருப்பதால் டிஸ்குக்குப் போகும் வேலை குறையும். ஒத்திசைவு முடிந்ததும் பழைய அளவுக்கு இறக்கிவிடலாம்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். மென்பொருளின் ஒவ்வொரு வெளியீட்டிலும் ஒரு பிளாக்கின் அடையாளம் பதிந்திருக்கும். அதற்கு முந்தைய பிளாக்குகளின் கையொப்பங்களை மட்டும் அது சோதிக்காமல் விட்டுவிடும். காசின் கணக்கு, இரட்டைச் செலவு, மைனரின் பங்கு எல்லாவற்றையும் அப்போதும் பார்க்கத்தான் செய்யும். அந்தக் கையொப்பங்களையும் நானே பார்த்தாக வேண்டும் என்பவர்கள் அஸ்யூம்வேலிட் என்ற அமைப்பை 0 ஆக்கிவிட்டுத் தொடங்கலாம். நேரம் கூடும். நான் ஒரு தடவை அப்படிச் செய்தேன். நல்ல செயலி இருந்தால் நீங்களும் செய்யுங்கள்.

யாரிடமாவது இருந்து தயாராக உள்ள தரவு அடைவை நகலெடுத்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். அந்தப் பட்டியலில் அவர் என்ன செய்திருக்கிறார் என்று உங்கள் நோடு திரும்பிப் பார்க்காது. உங்களுடைய இன்னொரு கணினியிலிருந்து எடுப்பதென்றால் சரி.

இணையம் எவ்வளவு செலவாகும்?

தொடக்கத்தில் பிளாக்செயின் முழுவதும் இறங்கும்; கத்தரிப்பு முறையிலும் இதில் விலக்கு இல்லை. பிறகு 10 நிமிடத்துக்கு ஒரு பிளாக், நாளைக்குச் சுமார் 144. ஒவ்வொன்றும் சராசரியாக ஒன்றரை, இரண்டு மெகாபைட். மாதத்துக்குப் பல ஜிகாபைட். அதோடு பரிவர்த்தனைகளைப் பரிமாறிக்கொள்வதற்கும் ஆகும். இதுவரை சாதாரண வீட்டு இணைப்புக்குப் பாரமில்லை.

கவனிக்க வேண்டியது பதிவேற்றம். வெளியிலிருந்து இணைப்புகளை ஏற்றுக்கொண்டால், புதிதாக வரும் நோடுகள் உங்களிடம் முழு வரலாற்றையும் கேட்கும். மாதத்துக்கு நூற்றுக்கணக்கான ஜிகாபைட் போய்விடலாம். இணைப்பில் அளவுக் கட்டுப்பாடு இருந்தால், ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் அனுப்பாதே என்று வரம்பு வைக்கும் அமைப்பு உண்டு. முதல் நாளே அதைப் போட்டுவிடுங்கள்.

மின்சாரம்?

நோடு மைனிங் செய்வதில்லை. பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். 10 வாட் எடுக்கும் சிறு கணினி மாதம் முழுக்க ஓடினால் 7.2 யூனிட். 60 வாட் எடுக்கும் பழைய மேசைக் கணினி என்றால் 43 யூனிட்.

மென்பொருளை எங்கே எடுப்பது? எதை எடுப்பது?

பெரும்பாலோர் பயன்படுத்துவது பிட்காயின் கோர். 2009 ஜனவரியில் சடோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் வெளியான மென்பொருளின் நேர் வாரிசு. அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடலில் மேலே வரும் விளம்பர இணைப்பை நம்பாதீர்கள்.

இறக்கியதும் நிறுவிவிடாதீர்கள். கோப்பின் கைரேகை போன்ற ஷா256 எண்ணைக் கணக்கிட்டு, தளத்தில் உள்ள பட்டியலோடு ஒப்பிடுங்கள். அந்தப் பட்டியலில் பல உருவாக்குநர்கள் போட்டிருக்கும் டிஜிட்டல் கையொப்பங்களையும் சரிபாருங்கள். ஒரே மூல நிரலிலிருந்து ஒவ்வொருவரும் தனித்தனியாக நிறுவல் கோப்பைக் கட்டி, எல்லோருக்கும் ஒரே எண் வந்த பிறகே கையொப்பமிடுகிறார்கள். சரிபார்ப்பதற்கென்றே ஓட்டும் ஒரு மென்பொருளைச் சரிபார்க்காமல் நிறுவுவதில் அர்த்தமில்லை. முதல் தடவை ஒரு மணி நேரம் ஆகலாம். அடுத்த முறை ஐந்து நிமிடம்.

கோரை விட்டு நாட்ஸ் என்ற மென்பொருளுக்கு மாறலாமா என்ற கேள்வி 2025லிருந்து நிறைய வருகிறது. அந்த ஆண்டு அக்டோபரில் வந்த கோர் 30, பரிவர்த்தனையோடு ஒட்டிவரும் கூடுதல் தரவுக்கான இயல்பு வரம்பை வெகுவாகத் தளர்த்தியது. அதை விரும்பாதவர்கள் இறுக்கமான வடிகட்டி கொண்ட நாட்ஸுக்குப் போனார்கள். இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எந்த பிளாக் செல்லும் என்று சொல்லும் விதிகள் வேறு. இன்னும் பிளாக்கில் ஏறாத பரிவர்த்தனைகளில் எவற்றை என் நோடு கடத்தும் என்ற கொள்கை வேறு. அந்தத் தளர்வு நடந்தது இரண்டாவதில். நீங்கள் கடத்த மறுத்த பரிவர்த்தனை பிளாக்கில் ஏறி வந்துவிட்டால், விதிக்கு உட்பட்டது என்பதால் உங்கள் நோடும் அதை ஏற்றுத்தான் ஆக வேண்டும். என்னைக் கேட்டால், அதிகம் பேர் படித்துச் சோதிக்கும் நிரலையே விரும்புவேன். உங்கள் நோடு, உங்கள் முடிவு.

ரவுட்டரில் போர்ட் திறக்க வேண்டுமா?

கட்டாயமில்லை. திறக்காவிட்டாலும் உங்கள் நோடு தானாகவே 10 நோடுகளைத் தேடி இணைத்துக்கொள்ளும்; அவற்றில் 2 பிளாக்குகளுக்காக மட்டுமே. சரிபார்ப்புக்கு அது போதும். 8333 என்ற போர்ட்டைத் திறந்தால் மற்றவர்களும் உங்களிடம் வந்து இணையலாம். அது நெட்வொர்க்குக்குச் செய்யும் உபகாரம். வெளியில் தெரியும் ஐபி முகவரி உங்களுக்கென்று தனியாக இல்லாத இணைப்புகளில் போர்ட் திறந்தும் பலன் இருக்காது; ஐபி முகவரியை மறைக்கும் டோர் என்ற நெட்வொர்க் போன்ற வழிகளில்தான் அங்கே வெளியிலிருந்து வர முடியும்.

எது திறந்தாலும் 8332ஐ மட்டும் இணையத்துக்குத் திறக்கவே திறக்காதீர்கள். அது நோடுக்குக் கட்டளை கொடுக்கும் வாசல்.

நான் நோடு ஓட்டுவது மற்றவர்களுக்குத் தெரியுமா?

தெரியும். இணையும் நோடுகளுக்கு உங்கள் ஐபி முகவரி தெரியும். இணையச் சேவை கொடுப்பவராலும் ஊகிக்க முடியும். கோர் 27லிருந்து நோடுகளுக்கு இடையே நடக்கும் பேச்சு இயல்பாகவே மறையாக்கம் செய்யப்படுகிறது. வழியில் நின்று ஒட்டுக்கேட்பது அதனால் கடினமாகியிருக்கிறது. ஆனால் எதிர்முனையில் இருப்பவருக்கு உங்கள் முகவரி அப்போதும் தெரியத்தான் செய்யும். இந்த முகவரியில் இருப்பவரிடம் பிட்காயின் இருக்கலாம் என்று பிறர் நினைப்பதே உங்களுக்கு நெருடினால் டோர் வழியாக மட்டும் ஓட்டுங்கள். நிறுவுவது சிரமமில்லை, டோருக்குள் மட்டும் பயன்படும் ஆனியன் முகவரி ஒன்றை கோர் தானாகவே உருவாக்கிக்கொள்ளும். முதல் ஒத்திசைவு மட்டும் மெதுவாகும்.

நோடு வைத்திருப்பதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிய வேண்டாம் என்பதே என் யோசனை.

வாலட்டை எப்படி இணைப்பது?

எல்லாம் இங்கேதான் இருக்கிறது என்பேன். நோடு நிறுவிய பலர் இந்தப் படிக்கு வராமலே நின்றுவிடுகிறார்கள்.

மேசைக் கணினியில் பயன்படுத்துவதென்றால் ஸ்பேரோ போன்ற வாலட்டை நேரடியாக கோரோடு இணைக்கலாம். சாவியைத் தனியே வைத்துக்கொள்ளும் கருவியான ஹார்டுவேர் வாலட் வைத்திருந்தால் அதன் எக்ஸ்பப் என்ற பொதுச் சாவியை மட்டும் வாலட்டுக்குக் கொடுங்கள். அதைக் கொண்டு முகவரிகள் அத்தனையையும் பார்க்கலாம், செலவழிக்க முடியாது. கையொப்பம் அந்தக் கருவிக்குள்ளேயே நடக்கும். அதே எக்ஸ்பப்பை யாரோ ஒருவரின் சர்வருக்குக் கொடுத்தால் உங்கள் கடந்தகாலமும் எதிர்காலமும் அவருக்குத் திறந்து கிடக்கும். அதனால்தான் அதை நம் நோடுக்கு மட்டும் கொடுப்பது.

போனிலிருந்தும் பார்க்க வேண்டும், பழைய வாலட்களைச் சட்டென்று தேட வேண்டும் என்றால் கோருக்குப் பக்கத்தில் எலக்டர்ஸ் அல்லது ஃபல்க்ரம் என்ற எலக்ட்ரம் சர்வரை நிறுவுங்கள். பிளாக்செயினை முகவரிவாரியாக அகரவரிசை போட்டு வைப்பதுபோல இவை ஒரு குறியீட்டுப் பட்டியல் கட்டிக்கொள்ளும். அதற்குத் தனியாக டிஸ்க் இடம் வேண்டும். ஃபல்க்ரம் அதிகம் கேட்கும், பதிலைச் சீக்கிரம் தரும்.

இணைத்த பிறகு ஒரு சோதனை செய்யுங்கள். நோடை நிறுத்திவிட்டு வாலட்டைத் திறங்கள். அது இருப்பைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தால், வேறு எங்கோ கேட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

நோடு இருக்கும் கணினியிலேயே காசையும் வைக்கலாமா?

வைக்காதீர்கள். நாள் முழுக்க இணையத்தில் இருக்கும் கணினி அது. சாவி அங்கே இருக்கக் கூடாது. சாவியை மீட்டெடுக்க உதவும் விதைச் சொற்களை அந்த விசைப்பலகையில் தட்டவும் கூடாது. பார்ப்பதற்கு நோடு, கையொப்பமிடத் தனிக் கருவி. இந்தப் பிரிவை நோடு நிறுவும் நாளே செய்துவிட்டால் பின்னால் மாற்ற வேண்டிய தொல்லை இல்லை.

மின்சாரம் திடீரென்று போனால்?

பல சமயம் ஒன்றும் ஆகாது. சில சமயம், பட்டியலை எழுதிக்கொண்டிருக்கும்போது நின்றுவிட்டால், தரவுத்தளம் கெட்டுவிடும். மறுபடி தொடங்கும்போது மென்பொருள் அதைச் சொல்லும். பதறி எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். பிளாக் கோப்புகள் நன்றாக இருந்தால், அவற்றிலிருந்து பட்டியலை மட்டும் மறுபடி கட்டச் சொல்லும் கட்டளை உண்டு. இறக்கிய 600 ஜிகாபைட் வீணாகாது, நேரம்தான் ஆகும். எனக்கு இருமுறை நடந்திருக்கிறது. இரண்டாவது முறைக்குப் பிறகுதான் பேட்டரியுள்ள மடிக்கணினிக்கு மாறினேன்.

நீங்களாக அணைக்கும்போது மென்பொருளை முதலில் நிறுத்துங்கள். கேஷில் இருப்பதை அது டிஸ்கில் எழுதி முடிக்க ஓரிரு நிமிடம் ஆகலாம். காத்திருங்கள்.

அடிக்கடி புதுப்பிக்க வேண்டுமா?

ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஓட வேண்டாம். ஆண்டுக்கு ஓரிரு முறை போதும். பாதுகாப்புக் குறை பற்றிய அறிவிப்பு வந்தால் மட்டும் தாமதிக்காதீர்கள். 2018 செப்டம்பரில் வெளியான 0.16.3 அப்படிப்பட்டது. ஒரு மைனர் ஒரே காசை ஒரே பரிவர்த்தனைக்குள் இருமுறை செலவழித்து, இல்லாத காசை உண்டாக்க முடிகிற ஓட்டை முந்தைய பதிப்புகள் சிலவற்றில் இருந்தது. யாரும் பயன்படுத்துவதற்குள் அடைத்துவிட்டார்கள்.

2010 ஆகஸ்ட் 15 அன்று அப்படித் தப்பிக்க முடியவில்லை. எண் வழிந்துபோகும் பிழையைப் பயன்படுத்தி, 74,638ஆம் பிளாக்கில் ஒருவர் 18,400 கோடிக்கும் மேற்பட்ட பிட்காயின்களை உண்டாக்கிவிட்டார். மொத்த வரம்பே 2.1 கோடிதான்! சில மணி நேரத்தில் திருத்திய மென்பொருள் வந்தது. மக்கள் அதை நிறுவினார்கள். நல்ல சங்கிலி முந்திச் சென்றது.

என் நோடு உண்மையிலேயே சரிபார்க்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி. கோரின் சாளரத்தில் கட்டளை தட்டும் பகுதி ஒன்று இருக்கிறது. அதில் "கெட் டிஎக்ஸ்அவுட்செட் இன்ஃபோ" என்ற கட்டளையை, இடைவெளி இல்லாமல் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், கொடுங்கள். செலவாகாத காசுகளின் பட்டியல் முழுவதையும் உங்கள் கணினி கூட்டி, உலகில் இந்த நொடி எத்தனை பிட்காயின் இருக்கிறது என்று சொல்லும். சில நிமிடம் ஆகும்.

பிறகு ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடுங்கள். முதல் 2,10,000 பிளாக்குகளுக்குத் தலா 50, அடுத்த 2,10,000க்கு 25, பிறகு 12.5, பிறகு 6.25. 2024 ஏப்ரலில் 8,40,000ஆம் பிளாக் வந்தபோது மொத்தம் 1,96,87,500. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பிளாக்குக்கும் 3.125 கூட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் நோடு சொல்வது இதைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். அந்தக் குறைவுக்கும் கணக்கு உண்டு. முதல் பிளாக்கின் 50 பிட்காயினைச் செலவழிக்கவே முடியாது. பட்டியலில் அது சேர்வதில்லை. 2010இல் இரண்டு முறை மைனர் பரிவர்த்தனை அச்சு அசலாக முந்தைய ஒன்றைப் போலவே அமைந்து அதை மேலெழுதிவிட்டதில் 100 பிட்காயின் போயிற்று. தங்களுக்கு உரியதை முழுதாக எடுத்துக்கொள்ளாத மைனர்கள் சிலரும் உண்டு. ஒருபோதும் தாளில் வந்த எண்ணுக்கு மேல் இருக்காது. இதை எந்த நிறுவனமும் உங்களுக்கு அறிக்கையாகத் தரவில்லை. உங்கள் அலமாரியில் இருக்கும் கணினி முதல் பிளாக்கிலிருந்து கூட்டிக் கழித்துச் சொன்னது. முதல் முறை அந்த எண் திரையில் வந்தபோது நான் வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எத்தீரியம், மொனேரோ நோடுகளும் இப்படித்தானா?

எத்தீரியத்தில் 2022 செப்டம்பர் 15க்குப் பிறகு இரண்டு மென்பொருள்கள் சேர்ந்து ஓட வேண்டும்: பரிவர்த்தனைகளைச் செயல்படுத்த கெத், நெதர்மைண்ட் போன்ற ஒன்று, ஒருமித்த முடிவைப் பின்தொடர லைட்ஹவுஸ், டேகு போன்ற ஒன்று. 16 ஜிகாபைட் ரேம், வேகமான 2 டெராபைட் எஸ்எஸ்டி இல்லாமல் தொடங்காதீர்கள். சும்மா நோடு ஓட்ட 32 ஈதர் தேவையில்லை. அது பிளாக்குகளை முன்மொழிந்து வாக்களிக்கும் வேலிடேட்டரைச் சொந்தமாக நடத்துபவர்கள் பூட்டிவைப்பது.

மொனேரோ இதைவிடச் சின்னது. கத்தரித்தால் மூன்றில் ஒரு பங்கு அளவில் அடங்கும். பிறர் நோடைப் பயன்படுத்தினாலும் உங்கள் இருப்பு அவருக்குத் தெரியாது. ஆனால் இந்தப் பரிவர்த்தனை இந்த ஐபியிலிருந்து வந்தது என்று தெரியும். தனியுரிமைக்காகவே மொனேரோ வைத்திருப்பவர் அதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

இது சட்டப்படி சரியா?

நாட்டுக்கு நாடு மாறும். நோடு யாருடைய பணத்தையும் வைத்துக்கொள்வதில்லை, மாற்றிக் கொடுப்பதுமில்லை. ஆனாலும் கிரிப்டோவையே தடை செய்திருக்கும் நாடுகள் உண்டு. நீங்கள் இருக்கும் இடத்தின் விதியைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

எப்போதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமா? சில மாதம் நிறுத்தி வைத்தால்?

ஒன்றும் ஆகாது. மறுபடி இயக்கும்போது விட்ட இடத்திலிருந்து பிளாக்குகளை இறக்கிச் சரிபார்க்கும். ஒரு மாதம் விட்டிருந்தால் நல்ல கணினியில் ஓரிரு மணி நேரத்தில் வந்து சேர்ந்துவிடும். கணினியின் கடிகாரம் மட்டும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். தன் நேரத்தைவிட 2 மணி நேரத்துக்கு மேல் முன்னால் இருக்கும் பிளாக்கை நோடு ஏற்காது. கடிகாரம் பின்தங்கியிருந்தால் நல்ல பிளாக்கைக்கூட மறுத்துவிட்டு அப்படியே நின்றுகொண்டிருக்கும். முழுதாக வந்து சேரும் வரை வாலட் காட்டும் இருப்பும் பழைய இருப்புதான். அதை வைத்து எதையும் அனுப்பவோ, பணம் வந்துவிட்டது என்று பொருளை ஒப்படைக்கவோ வேண்டாம்.